பெராக்சைடில் ஊறும் சாஃப்ட் லென்ஸ்: கிருமி எப்போது சாகிறது, எங்கே தப்புகிறது

லென்ஸின் கிருமி நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷனுக்கு மாறும் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம், லென்ஸ் ஏன் ஆறு மணி நேரம் ஊற வேண்டும் என்பதுதான். ஆறு மணி நேரமும் கிருமியைக் கொல்லத்தான் தேவைப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெராக்சைடைச் சிதைக்கும் பிளாட்டினம் டிஸ்க் வைத்த கேஸில் கொல்லும் வேலையில் பெரும்பங்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிடும். மீதி நேரம் லென்ஸுக்குள் ஊறிப்போன பெராக்சைடு வெளியே வந்து, சிதைந்து, கண் தாங்கும் அளவுக்கு இறங்குவதற்கானது. எந்த வேலை எப்போது நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், கீழே சொல்லும் கண்டிப்புகளின் காரணம் தானாகப் புரியும்.

லென்ஸ் பெராக்சைடின் அளவு 3%. அதாவது பத்து லட்சத்தில் 30,000 பங்கு. கண் எரிச்சல் இல்லாமல் தாங்குவது இதில் மிகச் சிறு பகுதியைத்தான். நூறு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் நிம்மதி. 30,000 இருந்தால்தான் கிருமி சாகும், நூறுக்குக் கீழே வந்தால்தான் லென்ஸைப் போட முடியும். பெராக்சைடு முறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசமெல்லாம் இந்த இறக்கம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மூன்று முறைகள்

இன்று அதிகம் விற்பது டிஸ்க் முறை. அமெரிக்காவில் கிளியர் கேர் என்றும் பல நாடுகளில் ஏஓசெப்ட் பிளஸ் என்றும் ஆல்கான் விற்பது இந்த வகைதான். கேஸுக்குள் பிளாட்டினம் பூசிய சிறு சக்கரம் ஒன்று இருக்கும். சொல்யூஷன் அதைத் தொட்ட நொடியிலிருந்தே பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியத் தொடங்கும். முதல் சில நிமிடங்களில் அளவு மளமளவென்று இறங்கும், பிறகு இறக்கம் மெதுவாகும். ஆறு மணி நேர முடிவில் மிஞ்சுவது வெறும் சுவடுதான். வசதியான முறை, ஆனால் கொல்லும் ஆயுதமும் அதை மழுக்கும் கல்லும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகின்றன.

இரண்டாவது மாத்திரை முறை. கேட்டலேஸ் என்ற நொதி உள்ள மாத்திரையின் மேல் மெதுவாகக் கரையும் பூச்சு இருக்கும். பூச்சு கரையும் வரை லென்ஸ் கிட்டத்தட்ட முழு 3% பெராக்சைடில் இருக்கும், அதன் பிறகுதான் நொதி வேலையைத் தொடங்கும். கிருமியைக் கொல்லும் வகையில் பார்த்தால் இது டிஸ்க்கை விடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. மாத்திரையில் வைட்டமின் பி12 சேர்த்திருப்பதால் கரைந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் வந்தால் மாத்திரை போட்டிருக்கிறோம், அது கரைந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். லென்ஸ் தயார் என்று அர்த்தமில்லை. மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ போட்டால் பூச்சால் எந்தப் பயனும் இல்லை, பெராக்சைடு முதல் நிமிடத்திலேயே செத்துவிடும்.

மூன்றாவது பழைய இரண்டு கட்ட முறை. முதலில் லென்ஸை வெறும் 3% பெராக்சைடில் சில மணி நேரமோ இரவு முழுவதுமோ ஊறவிட்டு, காலையில் அதைக் கொட்டிவிட்டு, நடுநிலையாக்கும் வேறொரு கரைசலில் வைப்பார்கள். கிருமிநாசினி பலத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் இரண்டாம் கட்டத்தை மறந்தவர்களின் கண் வெந்துபோனதால், இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது.

எதைக் கொல்லும், எதை விட்டுவிடும்

லென்ஸ் சொல்யூஷன்களுக்கான சோதனை விதி ஐ.எஸ்.ஓ. 14729. அதில் ஐந்து கிருமிகள். சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், செராட்டியா மார்செசன்ஸ் ஆகிய மூன்றும் பாக்டீரியா. கேண்டிடா ஆல்பிகன்ஸ் ஈஸ்ட், ஃபியூசேரியம் சொலானி பூஞ்சை. தேய்ப்பது, அலசுவது எதுவும் இல்லாமல் தனித்து நின்று தேற வேண்டிய சொல்யூஷன், குறிப்பிட்ட ஊறல் நேரத்துக்குள் பாக்டீரியாக்களை ஆயிரத்தில் ஒரு பங்காகவும் பூஞ்சைகளைப் பத்தில் ஒரு பங்காகவும் குறைக்க வேண்டும். அதாவது 10 லட்சம் சூடோமோனாஸ் இருந்தால் ஆயிரத்துக்கு இறங்க வேண்டும். 10 லட்சம் ஃபியூசேரியம் இருந்தால் 1 லட்சமாக இறங்கினாலே தேறிவிடலாம். பாட்டிலில் 'பூஞ்சைகளைக் கொல்லும்' என்று படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று பாக்டீரியாக்களையும் 3% பெராக்சைடு சில நிமிடங்களிலேயே சாய்த்துவிடும். கிருமியின் செல்லுக்குள் இருக்கும் இரும்போடு சேர்ந்து அது மிக உக்கிரமான ஹைட்ராக்சில் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை புரதம், கொழுப்பு, மரபணு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. கிருமிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான படலத்துக்குள்ளும் பெராக்சைடு, தேய்க்க, அலச, ஊறவைக்க என எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலாக வரும் மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன்களில் பெரும்பாலானவற்றை விட நன்றாக நுழையும். ஸ்டெஃபைலோகாக்கஸ் தன்னிடமும் கேட்டலேஸ் வைத்திருப்பதால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், ஆனால் முழுப் பலத்துக்கு முன்னால் அது எடுபடாது. ஈஸ்டுக்கும் பூஞ்சைக்கும் பத்துக்கணக்கான நிமிடங்கள் வேண்டும். டிஸ்க் முறையின் பலவீனம் தொடங்குவது இங்கேதான். பூஞ்சை சாக வேண்டிய நேரத்தில் பெராக்சைடும் பெரும்பகுதி சிதைந்திருக்கும்.

அக்கந்தமீபா வேறு ரகம். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் இந்த ஒற்றைச் செல் உயிர், இரை தேடி நகரும் நிலையில் இருக்கும்போது பெராக்சைடுக்கு எளிதில் மடியும். சூழல் சரியில்லை என்று கண்டதும் இரட்டைச் சுவர் எழுப்பி முட்டை போன்ற உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த உறையை உடைக்க 3% பெராக்சைடு மணிக்கணக்கில் குறையாமல் நிற்க வேண்டும். இரண்டு கட்ட முறையால் இது முடியும். சோதனைக் கூடங்களில் டிஸ்க் முறை இதில் பின்தங்குகிறது. மேலே சொன்ன ஐ.எஸ்.ஓ. பட்டியலில் அக்கந்தமீபா இல்லவே இல்லை என்பதால், ஒரு சொல்யூஷன் அந்த விதியில் தேறிவிட்டது என்பது அக்கந்தமீபா விஷயத்தில் எதையும் சொல்லாது. எனவே டிஸ்க் முறை பயன்படுத்துகிறவரின் உண்மையான பாதுகாப்பு, அக்கந்தமீபாவை லென்ஸுக்குப் பக்கத்திலேயே விடாமல் இருப்பதுதான். அதாவது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது.

2006-இல் ஒரு மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன் ஃபியூசேரியம் தொற்றுகளால் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2007-இல் இன்னொன்று அக்கந்தமீபாவால் போனது. அதற்குப் பிறகுதான் பல கண் மருத்துவர்கள் பெராக்சைடு பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்ததில் நியாயம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணுக்குக் காரணமாகும் கிருமிகளில் பூஞ்சைகள் முன்வரிசையில் நிற்பவை, அவற்றிலும் ஃபியூசேரியம் முதன்மையானது. வயலில் நெல்லோ இலையோ கண்ணில் பட்டு வரும் தொற்றுகள்தான் அவற்றில் பெரும்பாலும். லென்ஸால் வருபவை குறைவு. என்றாலும் அந்தப் பூஞ்சை நம் காற்றிலும் தூசியிலும் தாராளமாக இருக்கிறது. லென்ஸ் போடுகிறவர் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இரவு செய்ய வேண்டியது

டிஸ்க் முறையை வைத்துச் சொல்கிறோம், அதுதான் அதிகம் கிடைக்கிறது.

கையை சோப்பு போட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியில் ஈரம் துளியும் இல்லாமல் துடைக்கவும். விரல் நுனியில் நிற்கும் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் போதும், அக்கந்தமீபா லென்ஸுக்கு வந்து சேர.

ஒரு லென்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) சில சொட்டு விட்டு, சுண்டுவிரலுக்கு அடுத்த விரலால் ஒரு பக்கத்துக்குப் பத்து நொடியாவது மெல்லத் தேய்க்கவும். 'தேய்க்கத் தேவையில்லை' என்று பெட்டியில் போட்டிருக்கும். தேய்ப்பதுதான் எங்கள் பரிந்துரை. கண்ணின் புரதமும் கொழுப்பும் மைப்பூச்சும் லென்ஸின் மேல் படிந்து கிருமிக்குப் போர்வையாகின்றன, தேய்த்தால் அந்தப் போர்வையோடு கிருமியில் பெரும்பகுதியும் போய்விடும். பிறகு பெராக்சைடுக்கு மிச்சம் வைக்கும் வேலை குறைவு. இதைப் பெராக்சைடால் செய்யாமல் சலைனால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த கண்ணிலிருந்து லென்ஸை எடுக்க அதே விரல்தான் போகப்போகிறது.

தேய்த்த லென்ஸைக் கேஸோடு வரும் அதன் கூடையில் வைத்து மூடவும். இடது, வலது என்று கூடையிலேயே குறி இருக்கும். லென்ஸின் விளிம்பு கூடையின் இணைப்பில் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும், சிக்கினால் காலையில் அரை லென்ஸ்தான் கிடைக்கும். இரண்டு லென்ஸும் கூடைக்குள் போன பிறகே பெராக்சைடு உள்ள சிவப்பு முனை பாட்டிலைக் கையில் எடுக்கவும். மூடிய கூடைகளை வாஷ்பேசினுக்கு மேல் பிடித்து, பெராக்சைடை ஐந்து நொடி பீய்ச்சி அலசவும்.

பிறகு கேஸில் கோடு வரை பெராக்சைடு ஊற்றவும், கிட்டத்தட்ட 10 மி.லி. வரும். கூடைகளை இறக்கி உடனே மூடவும். டிஸ்க் நனைந்த நொடியிலிருந்து பெராக்சைடின் ஆயுள் ஓடுகிறது. சிலர் முதலில் டிஸ்க்கை இறக்கிவிட்டு, போன் வந்தால் பேசிவிட்டு, இருபது நிமிடம் கழித்து லென்ஸைப் போடுகிறார்கள். லென்ஸ் உள்ளே போகும்போது அங்கே இருப்பது பல் போன பெராக்சைடு. அப்படி ஆகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கவும். குமிழி வருகிறதே, போதும் என்று நினைக்க வேண்டாம்.

மூடியில் சிறு துளை இருக்கும். 3% பெராக்சைடு தன் அளவைப் போலப் பத்து மடங்கு ஆக்ஸிஜனை வெளியிடக்கூடியது, 10 மி.லி.யிலிருந்து 100 மி.லி. வாயு வரும். அதற்குப் போக வழி வேண்டும். ஆகவே கேஸ் நேராக நிற்க வேண்டும், குலுக்கவோ படுக்கப் போடவோ கூடாது. கோட்டைத் தாண்டி ஊற்றினால் நுரை துளை வழியாக வழிந்து மேசையின் வார்னிஷைக் கெடுக்கும், கீழே ஒரு டிஷ்யூ விரிக்கவும். கோட்டுக்குக் கீழே நின்றால் லென்ஸின் மேல் பகுதி காய்ந்து கிடக்கும், அங்கே எதுவும் சாகாது.

ஆறு மணி நேரத்துக்கு முன் திறக்க வேண்டாம். பத்து மணிக்கு வைத்தால் காலை நான்கு மணிக்குத் தயார். மூன்று மணிக்கு விமானம் என்றால் அன்று கண்ணாடிதான். நேரம் முடிந்து திறக்கும்போது கூடையின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. டிஸ்க்கிலிருந்து குமிழி சரம் சரமாக இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் பெராக்சைடு தீரவில்லை, லென்ஸைத் தொடாதீர்கள்.

எங்கே கோளாறு ஆகிறது

ஊற்றிய உடனே குமிழி பொங்க வேண்டும். பொங்கவில்லை என்றால் டிஸ்க் இல்லாத கேஸில் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது டிஸ்க்கின் பூச்சு தேய்ந்துவிட்டது, அல்லது சொல்யூஷன் காலாவதியாகிவிட்டது. முதல் இரண்டில் காலையில் லென்ஸ் கண்ணைச் சுடும். மூன்றாவதில் கண் சுடாது, கிருமியும் சாகாது. அதனால்தான் மூன்றாவது மோசம்.

போட்டதும் லேசாகச் சுருக்கென்று குத்தி, சில நிமிடத்தில் அடங்கும் எரிச்சல் தினமும் வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கவும். ஒவ்வொரு புது பாட்டிலோடும் புதுக் கேஸ் வருவது அதற்காகத்தான். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று புதியதை அலமாரியில் அடுக்குவது நம்மிடம் பரவலான பழக்கம், கண்ணுக்கு அது ஆகாது. பழைய கேஸைத் தூக்கிப் போடவும். புதிய டிஸ்க்கைக் கழற்றிப் பழைய கேஸில் மாட்டுவதும் வேண்டாம், கேஸிலும் படலம் கட்டும்.

மல்டிபர்ப்பஸ் சொல்யூஷனுக்கான தட்டைக் கேஸில் பெராக்சைடை ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. அங்கே டிஸ்க் இல்லை. இரவெல்லாம் 3% அப்படியே நிற்கும். காலையில் பார்த்தால் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வாசனையும் வராது. அடுத்தது, ஒரே பாத்ரூமை இருவர் பயன்படுத்தும் வீடு. ஒருவர் பெராக்சைடு, மற்றவர் சாதாரண சொல்யூஷன் என்றால், போடும் முன் லென்ஸை அலச அவசரத்தில் சிவப்பு முனை பாட்டிலை எடுத்துவிடுவார்கள். பாட்டில்களை வேறு வேறு அறையில் வைப்பதுதான் நம்பகமான தீர்வு.

மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்கு விற்கும் பெராக்சைடு மலிவு. ஆனால் '20 வால்யூம்' என்று எழுதியிருப்பது 6%, லென்ஸ் சொல்யூஷனைப் போல இரண்டு மடங்கு. 3% ஆகவே கிடைத்தாலும் அதில் சேர்க்கும் நிலைப்படுத்திகள் லென்ஸுக்கானவை அல்ல, உப்பு அளவும் கண்ணீரோடு ஒத்துப்போகாது.

நேற்றைய கரைசலைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் ஊற்றுவதும் அப்படித்தான். நேற்றைய நீர் புதியதை நீர்க்கச் செய்யும், டிஸ்க் அதை இன்னும் வேகமாகத் தீர்த்துவிடும்.

பெராக்சைடு கண்ணில் பட்டுவிட்டால் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும், எரிச்சல் தாங்க முடியாது. எப்படியாவது லென்ஸை வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் பெராக்சைடைத் தொடர்ந்து கசியவிடும் பஞ்சு. எடுக்க வரவில்லை என்றால் கழுவிக்கொண்டே முயலவும். சலைன் இருந்தால் சலைன், இல்லாவிட்டால் சுத்தமான குடிநீர், 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவவும். இந்த நேரத்தில் மட்டும் தண்ணீரைப் பற்றிய தயக்கம் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டவும். வெளிச்சம் பார்க்க முடியாமலோ பார்வை மங்கியோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

கேஸும் தண்ணீரும்

ஆறு மணி நேரம் கழித்துக் கேஸில் இருப்பது வெறும் உப்புநீர். மல்டிபர்ப்பஸ் சொல்யூஷனில் இருப்பதுபோல, அடுத்து வரும் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. அலர்ஜிக்காரர்களுக்கு இதுவே வரம், கேஸுக்கு இதுவே சாபம். லென்ஸைப் போட்டதும் அந்த நீரைக் கொட்டவும். கேஸையும் கூடைகளையும் புதிய பெராக்சைடால் அலசி, உதறி, மூடாமல் கவிழ்த்துக் காயவிடவும். ஈரத்தோடு மூடி பாத்ரூமில் வைத்த கேஸ் மாலைக்குள் கிருமிப் பண்ணையாகிவிடும்.

கேஸைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எதுவும் விதிவிலக்கு இல்லை. மொட்டை மாடித் தொட்டியில் அடியில் படியும் வண்டல் அக்கந்தமீபாவுக்குப் பிடித்த இடம். லென்ஸோடு குளிப்பதும் நீச்சல் குளத்தில் இறங்குவதும் இதே கணக்கில் வரும். அப்படி நனைந்துவிட்டால் உடனே கழற்றி, ஒருமுறை போட்டு எறியும் லென்ஸ் என்றால் எறிந்துவிடவும். மாதாந்திர லென்ஸ் என்றால் தேய்த்து, முழு ஆறு மணி நேரச் சுற்று விட்ட பிறகே மீண்டும் போடவும்.

பெராக்சைடு வெளிச்சத்திலும் சூட்டிலும் தானாகவே சிதையும். ஒளிபுகாத பாட்டில் அதற்குத்தான். மே மாத வெயிலில் காரில் விட்டுச் சென்ற பாட்டிலை நம்ப வேண்டாம். வேறு சிறு பாட்டிலில் மாற்றி ஊரிலிருந்து ஊருக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம், கைப்பையில் 100 மி.லி. வரம்பு இருந்தால் பயண அளவு பாட்டிலையே வாங்கவும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கவும். லேபிளில் சொன்ன காலத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டவும்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. மூடிய கேஸில் நடுநிலையான நீரில் லென்ஸ் ஏழு நாள் வரை இருக்கலாம் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. அதற்கு மேல் போனால் போடும் முன் புதிய பெராக்சைடில் மறுபடி ஆறு மணி நேரம். நடுவில் ஒருமுறை திறந்து பார்த்தாலும் கணக்கு அறுந்துவிடும், மீண்டும் முதலிலிருந்து. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த வேலையெல்லாம் வீண், தினமும் போட்டு எறியும் டெய்லி லென்ஸே கணக்கில் மலிவாக வரும்.